மருந்துக்கடைக்காரரின் ஜன்னலும் காக்காய்ச் சோறும்

கேப் மே என்ற கடற்கரை ஊருக்குப் போனது பறவை பார்க்க இல்லை, மனைவியைச் சமாதானப்படுத்த. 1998 அக்டோபர். பொள்ளாச்சியில் கல்லூரி விலங்கியல் ஆசிரியையாக இருந்த கவிதா, என்னைக் கட்டிக்கொண்டு அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊருக்கு வந்த பாவத்துக்கு, வேலை பார்க்க முடியாத விசாவில் வீட்டோடு கிடந்தாள். தை மாதம் ஊருக்கே திரும்புவதாக முடிவு, டிக்கெட்டும் போட்டாயிற்று. போதாக்குறைக்கு, அமாவாசைக்குப் பால்கனியில் வைத்த காக்காய்ச் சோற்றுக்காக அபார்ட்மெண்ட் ஆபீஸ் எச்சரிக்கை வேறு.

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினோம். பார்க்வே நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் நூற்றிருபது மைல், இரண்டரை மணி நேரம். வழியெங்கும் டோல், முப்பத்தைந்து சென்ட் வீதம். சில்லறை மடியிலேயே இருக்கட்டும்.

ஊரெங்கும் விக்டோரியா காலத்து மரவீடுகள். அதில் ஒன்று, பறவைப் பித்துப் பிடித்த ஒரு மருந்துக்கடைக்காரருடையது. இப்போது சின்ன மியூசியம். அக்கால வழக்கப்படி மனிதர் முதலில் சுட்டுப் பாடம்பண்ணித்தான் பறவைகளைப் படித்திருக்கிறார். கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்ததும் கவிதாவின் முகம் சுருங்கிவிட்டது. ஒருமுறை குண்டடி பட்டும் பிழைத்த ப்ளூ ஜே ஒன்றை, காக்கை இனத்து நீலப் பறவை அது, அதைக் கடைக்குள் வைத்துக் காயம் ஆற்றினாராம். அப்புறம் துப்பாக்கியைத் தொடவில்லை. பின்ஜன்னலில் ரொட்டித்தூள் வைத்து, எது முதலில் வருகிறது, எது எதை விரட்டுகிறது என்று சாகும்வரை பார்த்திருக்கிறார். ஊரே சிரித்ததாம்.

"ஏனுங்க, இவரு பறவையப் பத்தி எங்கயும் படிக்கலீங்களா?"

"கடைக்காரரு, அவ்வளவுதான்."

"நம்ம சோத்துக்குக் காக்கா வரவேயில்லீங்க. மொதல்ல ப்ளூ ஜேதான் வரும். அது போனாத்தான் மத்ததெல்லாம் எறங்கும்."

என்ன பேசுகிறோம் என்று மியூசியத்து ஆன்ட்டி கேட்டார். நான் மொழிபெயர்க்க ஆரம்பிப்பதற்குள் கவிதாவே இங்கிலீஷில் விளக்கத் தொடங்கிவிட்டாள், வகுப்பு எடுக்கும் குரலில். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. குளிருக்குத் தெற்கே போகும் பருந்துகளை வார இறுதியில் எண்ண ஆள் வேண்டும், வருகிறாயா, சம்பளம் கிடையாது என்றார் ஆன்ட்டி.

"விசா ப்ராப்ளம் ஆயிருமே," என்று நான் மூக்கை நுழைத்தேன்.

"சம்பளம் வாங்குனாத்தானுங்க விசா கேப்பாங்க. பறவை பாக்கறதுக்கு இந்தக் கடைக்காரர ஆருங்க கேட்டா?"

போகிறவர்களுக்கு: அக்டோபர்தான் சரி. வடமேற்குக் காற்று வீசும் நாளாக இருந்தால் பருந்துகள் தலைக்கு மேலேயே போகும். ஸ்வெட்டர், பைனாகுலர் கட்டாயம். சைவத்துக்கு அங்கே திண்டாட்டம், எனவே புளிசாதம். அதைக் கடற்கரையில் மட்டும் திறக்காதீர்கள்; எங்கள் பங்கைக் கடற்காகங்கள்தான் சாப்பிட்டன.

திரும்பும்போது டிக்கெட்டைப் பற்றி அவளேதான் பேச்சை எடுத்தாள்.

"தையில வேண்டாமுங்க. இந்தப் பருந்தெல்லாம் சித்திரையில வடக்க திரும்புமாமா. அதையும் பாத்துப்போட்டுப் போலாமுங்க."

எத்தனையோ சித்திரை போய்விட்டது. இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.