பாசி உருண்டைக்குள் மூன்று கணு

மணி பிளான்ட்டை யாரிடமும் கேட்டு வாங்கக் கூடாது, திருடித்தான் வைக்க வேண்டும் என்பதில் என் மனைவிக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. ஒருமுறை ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்தபோது, குற்றாலத்து லாட்ஜ் வரவேற்பறையில் ஒரு கொடி படர்ந்திருந்ததைப் பார்த்துவிட்டாள். "ஏங்க, இங்கன வந்து மறைச்சாப்ல நில்லுங்க" என்றாள். நின்றேன். கணுவோடு ஒரு நுனியைக் கிள்ளி ஈரத் துண்டுக்குள் சுருட்டினாள். மேஜைக்குப் பின்னால் இருந்த மேனேஜர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் தென்காசி வரும்வரை அவளைத் திருடி, திருடி என்று சீண்டினேன். "அந்தக் கொடியே களவாண்டதாத்தான் இருக்கும், போங்க" என்று சிரித்தாள்.

அது எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி முழுக்கச் சுற்றி வளர்ந்தது. போன வருடம் அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்தன. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் தண்ணீர். ஊற்றினேன். இன்னும் பழுத்தது. அவள் கைபட்டதில் உயிரோடு மிச்சமிருந்தது இது ஒன்றுதான். இதையும் சாகவிட எனக்குத் தெம்பில்லை.

துபாயிலிருக்கும் மகள், வீட்டுக்குள் செடி வளர்ப்பது பற்றி ஒருநாள் பயிற்சி நடப்பதை போனில் பார்த்து என் பெயரைக் கொடுத்துவிட்டாள். கல்யாண மண்டபத்து மாடி. இருபது பெண்கள், வேட்டியில் நான் ஒருவன். ஜன்னலிலிருந்து பிரித்தெடுத்த கொடியைத் தொட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சொல்லிக்கொடுத்த பெண் செடியைத் தட்டிக் கவிழ்த்துப் பார்த்தாள். "வேர் பூராவும் அழுகிட்டு சார். மூணு கணுதான் தேறும்" என்றாள். அந்த மூன்றையும் நானே வெட்டிப் பேப்பரில் வைத்தேன். செம்மண்ணும் தென்னை நார்த்தூளும் பிசைந்து, பாசியால் போர்த்தி, நூல் சுற்றி உருண்டை பிடிக்க வேண்டும். பெண்களெல்லாம் கொழுக்கட்டை, கொழுக்கட்டை என்று சிரித்தார்கள். "கையில தூக்கிப் பாருங்க. கனம் இல்லன்னா மட்டும் தண்ணியில முக்குங்க" என்றாள் அந்தப் பெண்.

உருண்டை பிடித்துவிட்டுத் திரும்பினால், பேப்பரில் வைத்திருந்த மூன்று துண்டுகளில் ஒன்று, பக்கத்தில் இருந்த, கடையத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவின் கைப்பைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"எடுங்க வெளிய!" என்று கத்தினேன். "அது எம் பொண்டாட்டி செடி!"

அந்த அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. "மன்னிச்சிருங்க அண்ணாச்சி. கேட்டு வாங்குனா வராதுன்னு சொல்லுதாங்கல்லா, அதான்" என்று திருப்பி வைத்தார். சாப்பாட்டுக்குக்கூட இருக்காமல் போய்விட்டார். எனக்கு ரோஷம் அடங்கவில்லை. மூன்றையும் ஒரே உருண்டையில் சொருகி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மறுவாரமே சாரல் தொடங்கிவிட்டது. உள்ளே காயப்போட்ட துணியே மூன்று நாள் உலராது. தினமும் உருண்டையைத் தூக்கிப் பார்ப்பேன். கனமாகத்தான் இருக்கும். ஆனாலும் மனசு கேட்காது, முக்குவேன். ஒருநாள் தூக்கியபோது வாடை வந்தது. நூலை அறுத்துப் பிரித்தேன். மூன்று கணுவும் கறுத்துப்போய் விரலில் கொழகொழவென்று ஒட்டின. அடுப்படியில் நின்று, அவள் போன அன்று அழாத அழுகையெல்லாம் அழுதேன்.

அந்த அம்மா பெயர்கூட எனக்குத் தெரியாது. அன்று விட்டிருந்தால், இந்நேரம் கடையத்தில் ஏதோ ஒரு வீட்டில் அது வேர் பிடித்திருக்கும். என் இடத்தில் என் மனைவி இருந்திருந்தால், கத்தரிக்கோலைத் தேடுவதுபோல மேஜைக்கடியில் குனிந்திருப்பாள், கைப்பையின் ஜிப் மூடும் சத்தம் கேட்கும்வரை. நான் செய்ய வேண்டியிருந்ததும் அவ்வளவுதான்.