திண்டிவனத்தில் வெற்றிலை மெல்லும் அரைமணி

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஒரு மாசி மாதச் சனிக்கிழமை விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் போய் வந்தேன். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ அல்ல. இன்னொருவருடைய மல்லாட்டை மில்லை, அதாவது வேர்க்கடலை உடைக்கிற மில்லை, எட்டிப் பார்க்க. நான் மேனேஜராக இருந்த மில்லில் தோல் உடைக்கும் மெஷினில் போட்டால் பருப்பு ஏகமாக நொறுங்கும். திண்டிவனத்தில் முழுசு முழுசாக விழுகிறது என்று வியாபாரிகள் சொல்லிச் சொல்லி என் காதே புளித்துவிட்டது. இத்தனைக்கும் இரண்டும் ஒரே மாதிரி மெஷின். விஷயம் தெரியாமல் திரும்பாதே என்று முதலாளி அனுப்பிவைத்தார்.

போகும்போதே மனசு சரியில்லை. எங்கள் மில்லில் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொத்தை பொறுக்குகிறவள் அஞ்சலை. மெஷின் சத்தம் மாறினால் அதை ஓட்டுகிறவனுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன்னால், "ஐயா, எனக்கு ஒன்னு தோணுதுங்க" என்று ஆரம்பித்தாள். நான் முடிக்கவிடவில்லை. பொறுக்க வந்தவளுக்கு மெஷினைப் பற்றி என்ன பேச்சு என்று பத்துப் பேர் முன்னால் கத்திவிட்டேன். அன்றிலிருந்து "சரிங்க" என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். மாதக் கடைசியில் நின்றுவிடுவதாகவும், அக்கா வேலை செய்கிற திண்டிவனம் மில்லுக்கே போகப்போவதாகவும் அந்த வாரம்தான் சொல்லியிருந்தாள். இரு என்று சொல்ல ஆசை. ஆனால் கத்தின வாய்க்கு அது அவ்வளவு சுலபமாக வருமா?

பஸ் காலை ஆறரைக்கு என்று போட்டிருக்கும். அதை நம்பி ஓடாதீர்கள். பெட்ரோல் கிடைக்காததால் கரி வாயுவில் ஓடுகிற வண்டி. பின்னால் இருக்கிற அடுப்பைக் கண்டக்டர் சுற்றிச் சுற்றி மூட்டி, வண்டி கிளம்ப ஏழு பத்து ஆனது. கட்டணம் ஆறணா. விக்கிரவாண்டியில் வண்டி நின்றுவிட்டது.

"எறங்கித் தள்ளுங்க சார். ஜல்தியா போவணும்னா நாலு கை சேரணும்" என்றார் டிரைவர்.

தள்ளினோம். கூட்டேரிப்பட்டில் மயிலம் முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் இறங்கிக்கொண்டார்கள். திண்டிவனம் சேரும்போது ஒன்பதே முக்கால். என் வெள்ளைச் சட்டை அடுப்பங்கரைத் துணி போலிருந்தது. பஸ் நிற்குமிடத்திலிருந்து மில்லுக்கு ஜட்கா இரண்டணா.

மில் முதலாளி பெரிய மனசுக்காரர். வேவு பார்க்க வந்தவன் என்று தெரிந்தே காப்பி கொடுத்தார். பதினொரு மணிக்கு மெஷினை நிறுத்தி எண்ணெய் போட்டார்கள். வேலையாட்கள் எல்லோரும் வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"சனிக்கெழம சனிக்கெழம இது உண்டு, மேனேஜர் சார். யார் என்ன சொன்னாலும் மொதல்ல 'முடியாது'ன்னு சொல்றது என் வாய்க்குப் பழக்கம். அதான் அடைச்சி வெச்சிக்கிறேன்" என்று முதலாளி ஒரு கவுளி வெற்றிலைக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, வாய் நிறையத் திணித்துக்கொண்டார்.

அந்த அரைமணி நேரமும் அவர் மென்றுகொண்டே இருந்தார். மற்றவர்கள் பேசினார்கள். கோணியை வெயிலில் எந்தப் பக்கம் போடலாம், பெல்ட்டை எப்படி இழுத்துக் கட்டலாம் என்று என்னென்னவோ. ஒருவன் சொன்னது சுத்தப் பைத்தியக்காரத்தனம். நான் சிரித்துவிட்டேன், முதலாளி முறைத்தார்.

பிறகு அந்த ரகசியத்தைக் காட்டினார்கள். ரகசியம் என்ன, சல்லடை! பெரிய காயையும் சின்னக் காயையும் கலந்து மெஷினில் விட்டால் பெரியது நசுங்கும். முன்னாலேயே சலித்துப் பிரித்து, தனித்தனியாக, மெஷினில் அதற்கேற்ற இடைவெளி வைத்து உடைக்கிறார்கள். அவ்வளவுதான்.

"இதை யாரம்மா கண்டுபிடித்தது?" என்று சல்லடைக்காரியைக் கேட்டேன்.

"நான் இல்லீங்க. என் தங்கச்சி வெழுப்புரத்து மில்லுல பொறுக்கிக்கினு இருக்கா, அஞ்சலைன்னு. அங்க சொன்னா திட்டறாங்கன்னு எங்கிட்ட சொல்லிச்சி. நான் இங்க சொன்னேன்."

நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மாலை ரயிலில் ஐந்தணா டிக்கெட்டில் திரும்பினேன். பேரணி, முண்டியம்பாக்கம் ஸ்டேஷன்கள் எதுவும் கண்ணில் படவில்லை. அந்தப் பெண்ணை என்ன பாடுபடுத்திவிட்டோம் என்றுதான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை எங்கள் மில்லிலும் மெஷினை நிறுத்தி எல்லோரையும் உட்காரவைத்தேன். திண்டிவனத்து வழக்கத்தைச் சொல்லிவிட்டு, வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொண்டேன். ஒருவரும் பேசவில்லை. பத்து நிமிஷம் ஆனது. தலை சுற்றியது, வெற்றிலையாலா வெட்கத்தாலா தெரியாது. கடைசியில் அஞ்சலைதான் வாயைத் திறந்தாள்.

"அத்த துப்பிட்டு வாங்க ஐயா. இங்க மொதல்ல பேச வேண்டியது நாங்க இல்லீங்க."

துப்பிவிட்டு வந்தேன். எந்தப் பத்துப் பேர் முன்னால் கத்தினேனோ அவர்கள் முன்னாலேயே சொன்னேன்: "சல்லடை உன் யோசனை, அஞ்சலை. கேட்காமல் கத்தியது என் தப்பு. நீ போகாதே அம்மா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அக்கா மில்லுல ரெண்டு சல்லடைதானாம். நாம மூனு வெக்கலாங்க."

இதே காரியமாகத் திண்டிவனம் போக நினைப்பவர்களுக்கு: ரயிலே உத்தமம். பஸ்ஸில்தான் போவதென்றால் வெள்ளைச் சட்டை வேண்டாம், கூஜாவில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். எப்படிப் போனாலும் இருபத்து மூன்று மைல். புறப்படுவதற்கு முன் உங்கள் மில்லிலேயே ஒரு தரம் கேட்டுவிடுங்கள்.