மெழுகு வைத்து அடைத்த பேட்டரிப் பெட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் புதுச்சேரி முதலியார்பேட்டையில் குடியிருந்தோம். என் கணவருக்குப் பஞ்சு மில்லில் எலக்ட்ரிக் வேலை. என் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்; எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்போம். ஓய்வு பெற்ற பிறகும் பிரான்சிலேயே தங்கிவிட்டார். லீவை 'வக்கான்ஸ்' என்றுதான் சொல்வார். வக்கான்சுக்கு வரும்போதெல்லாம் சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டுவருகிற மனுஷன், அந்த வருஷம் கரண்டில் ஓடுகிற தூண்டில் ரீல் ஒன்றைக் கொண்டுவந்தார். பொத்தானை அமுக்கினால் போதும், அதுவே தூண்டில் நரம்பைச் சுற்றி, ஆழத்தில் கிடக்கிற மீனை மேலே இழுத்துவிடுமாம். ஆனால் பேட்டரி இல்லை. அதை இங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டார்.

"மாப்ள இருக்கச்சொல்ல எனக்கு இன்னாம்மா கவலை?" என்றார் என்னிடம். போதாதா? என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் டார்ச் லைட் பேட்டரிக் கட்டைகளை வரிசையாகச் சேர்த்துக் கட்டிப் பார்த்தார். ரீல் ஒரு முனகு முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது. அப்புறம் யாருடைய மோட்டார் சைக்கிள் பேட்டரியையோ கழற்றிக்கொண்டு வந்தார். அது ஆறு வோல்ட், இதற்கோ பன்னிரண்டு வேண்டும். கடைசியில் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு கார் பேட்டரியைப் பிடித்து, சனிக்கிழமை முழுக்க சார்ஜ் ஏற்றி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். தூக்கி வைப்பதற்குள் எனக்கு இடுப்பு கழன்றுவிட்டது.

உப்புத் தண்ணீர் படாமல் இருக்க அதற்குப் பலகையில் பெட்டி செய்தார். மில்லில் காற்றிலேயே பஞ்சு பறக்கும். சுவிட்சுப் பெட்டிக்குள் அது புகுந்து ஒரு பொறி பட்டால் மொத்த இடமும் எரிந்துபோகும். அதனால் சந்து பொந்து விடாமல் அடைப்பது அவர் கைக்குப் பழகிப்போன வேலை. பஞ்சுக்குச் சரியாக இருப்பது கடல் தண்ணீருக்கும் சரிதானே என்று நினைத்தார். மூடிக்கு அடியில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினார். சுற்றிலும் ஸ்க்ரூ முடுக்கினார். அதன்மேல் மெழுகை உருக்கி ஊற்றினார். பேட்டரியின் திருகு மூடிகளில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள் இருந்தன. அவற்றையும் அடைத்தார், ஒயர் வெளியே வரும் ஓட்டையையும் அடைத்தார். "எறும்புகூட நுழையாது பாரு" என்றபோது எனக்கே பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் வீராம்பட்டினத்தில் ஒரு எஞ்சின் படகில் ஏறினோம். நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். பிரான்சில் பொம்பளைகளே படகு ஓட்டுகிறார்கள் என்று சொல்லி அண்ணன் என்னையும் ஏற்றிவிட்டார்.

கரை ஒரு கோடாகத் தெரிகிற தூரம் போனதும் படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். அண்ணன் தூண்டிலை இறக்கினார். என் வீட்டுக்காரர் பேட்டரிப் பெட்டிமேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறிக்கொண்டே போனது. கொஞ்ச நேரத்தில் எனக்குத் தொண்டையைப் பிடிக்கிற மாதிரி ஒரு புளிப்பு நெடி வந்தது. படகுக்காரரிடம் கேட்டேன். "எஞ்சின் வாசனைம்மா" என்றார். ஆனால் எஞ்சின் என் பின்னால் இருந்தது, நெடி முன்னாலிருந்து வந்தது. குனிந்து பார்த்தேன். ஒயர் வெளியே வரும் இடத்தில் மெழுகு இளகி, அதிலிருந்து ஒரு குமிழ் கிளம்பி உடைந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆனால் உள்ளிருந்து ஏதோ வெளியே வரப் பார்க்கிறது, அதன்மேல் இவர் உட்கார்ந்திருக்கிறார். அது மட்டும் தெரிந்தது.

"ஏங்க, எழுந்திரிங்க. பொட்டிக்குள்ள என்னமோ ஆவுது."

"இன்னா ஆவுது? மொத தபா கடலுக்கு வந்தா அப்டித்தான் இருக்கும். பயப்படாத."

அண்ணனும் சிரித்தார், படகுக்காரரும் சிரித்தார். மூன்று ஆம்பளைகள் சிரிக்கும்போது நான் என்ன சொல்லி என்ன? ஆனாலும் மனசு கேட்கவில்லை. மாதாவை வேண்டிக்கொண்டு, வாயைப் பொத்தி, வாந்தி வருகிற மாதிரி குனிந்தேன். "வந்து தலையப் புடிங்களேன்" என்று கத்தினேன். சலித்துக்கொண்டே எழுந்து என்னிடம் வந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தூண்டிலில் மீன் மாட்டியது. "மாட்டிக்கிட்சி!" என்று கூவிக்கொண்டே அண்ணன் பொத்தானை அமுக்கினார். இவர் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார்.

வெடித்த சத்தம் எனக்குச் சரியாக நினைவில்லை. காது அடைத்துப்போனதுதான் நினைவிருக்கிறது. பெட்டியின் மூடி பறந்து தண்ணீரில் விழுந்தது. என் தலையைப் பிடிக்க வந்தவர் முகத்தைப் பொத்திக்கொண்டு என் மடியிலேயே சரிந்தார். அவர் முதுகில் சட்டை புகைந்தது.

"கண்ணு... கண்ணு எரியுதே!"

"தேய்க்காத மாப்ள, கண்ணத் தொற!" அண்ணன் பாய்ந்து வந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் அவர் கண்ணில் ஊற்றினார். அது தீர்ந்ததும் கடல் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார். ஊற்றியதெல்லாம் என் மேல்தான் வழிந்தது. படகுக்காரர் எஞ்சினைக் கிளப்பிக் கரைப்பக்கம் திருப்பினார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவரால் இரண்டு கண்ணையும் திறக்க முடியவில்லை. கண் போய்விட்டால் இந்த மனுஷன் என்ன செய்வார், கரண்டோடு வேலை செய்கிறவர் ஆயிற்றே என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கர வந்துட்சா?" என்றார்.

"வந்துட்சிங்க, இதோ" என்றேன். கரை அப்போதும் கோடாகத்தான் இருந்தது.

"அல சத்தமே கேக்கலியே" என்றார்.

அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சார்ஜ் ஏறின பேட்டரி வாயு விடும், அது வெளியேற வழி வேண்டும், அடைத்து வைத்தால், பொத்தானை அமுக்கும்போது ஒயர் முனையில் வருகிற ஒரு பொறிக்கே வெடிக்கும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டோம். அந்தத் திருகு மூடியின் ஓட்டைகள் அதற்காகவே இருந்தவையாம். உடனே கழுவியதால்தான் கண் பிழைத்தது என்றார் டாக்டர். கண் கட்டைப் பிரித்த அன்றைக்கு என் வீட்டுக்காரர் என்னை நிதானமாகப் பார்த்து, "அழுதியா?" என்று மட்டும் கேட்டார். அதுவரை அடக்கி வைத்திருந்தேன், அப்போதுதான் அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, கடலுக்குக் கட்டிப்போன என் நூல் சேலை மூலையில் சுருட்டிக் கிடந்ததைப் பார்த்தேன். நனைத்துத் துவைகல்லில் ஒரு கும்மு கும்மினேன். சேலை இற்று இற்றுக் கையோடு வந்தது. விரித்துப் பிடித்தேன். மார்புப் பக்கமும் மடிப்பக்கமும் சல்லடையாக ஓட்டைகள். அத்தனையும் ஆசிட் பட்ட இடங்கள். வழிந்த தண்ணீர்தான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. உடம்பில் இருந்த அரிப்பை நான் உப்புத் தண்ணீர் என்றே நினைத்திருந்தேன். இவர் பெட்டியைவிட்டு எழுந்திருக்காமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு அப்போதுதான் முழுசாக வந்தது. அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இன்றைக்கும் யாராவது என்னிடம் "பயப்படாதே" என்று சிரித்தால், முதலில் நான் எழுந்து, பக்கத்தில் இருப்பவரையும் கையைப் பிடித்து எழுப்பிவிடுகிறேன், சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.