ஓர் ஊறல் நேரம்

நீங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்கு மணி அடிப்பார்கள். மலைமேல் கொட்டச்சேட்டில் நான் வேலை பார்த்த காப்பி எஸ்டேட்டில் காலையில் ஒரு மணி, சாயந்தரம் ஒரு மணி, அவ்வளவுதான். நடுவில் வருவதற்கெல்லாம் மணி கிடையாது, பெயர்தான் உண்டு. பழம் பறிக்கும் பெண்கள் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்தால் அது 'வெத்தலை நேரம்'. எதிரே நிற்கும் செடி தெரியாத அளவுக்குப் பனி இறங்கினால் 'பனி உடட்டும்' என்பார்கள். அது அரை மணியும் ஆகலாம், அரை நாளும் ஆகலாம். எல்லாவற்றையும்விட நீளமானது 'ஊறல்'.

காப்பிப் பழத்தை மிஷினில் போட்டுத் தோலை உரித்தால் கொட்டை வழுவழுவென்று வரும். அதைச் சிமெண்டுத் தொட்டியில் கொட்டி மூடி ஊறவைத்தால், தானாகப் புளித்து அந்த வழவழப்பு விடும். கம்பை அடிவரை குத்தி எடுத்தால் குழி மூடாமல் நிற்க வேண்டும். அப்போதுதான் கழுவலாம். முந்தினால் பிசுக்கு, பிந்தினால் நாற்றம். தொட்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எட்டாவதுவரை படித்திருந்த எனக்கு அது பெரிய உத்தியோகமாகத்தான் இருந்தது.

உங்கள் அம்மா தலைப்பிரசவத்துக்குச் சேலத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பஸ் ஏறும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஆஸ்பத்திரியில உள்ளயெல்லாம் உட மாட்டாங்க. வாசல்ல வந்து நின்னாப் போதும்ங்க. நீங்க நிக்கறீங்கன்னு தெரிஞ்சா எனக்குப் பயம் இருக்காது." நான் தலையை ஆட்டினேன்.

அவள் போன பிறகு தொழிலாளர்களுக்கான அந்த லைன் வீட்டில் நான் மட்டும். மலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வேலை விஷயம் தவிர யாரோடும் பேசிப் பழகியிருக்கவில்லை.

மார்கழியில் ஒருநாள், காலைப் பஸ் எஸ்டேட் வாசலில் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடியே கூப்பிட்டார்.

"ஏனுங்க, உங்க ஊட்டுக்காரம்மாவ விடியறதுக்கு முன்னாலயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். அடிவாரத்துல உங்க மச்சினன் வந்து சொன்னாரு. இதே வண்டிதான் திரும்பிப் போகுது, ஏறுறீங்களா?"

"தொட்டி நெறஞ்சு கெடக்குதுங்க. சாயந்தர வண்டிக்கு வந்தர்றேன்."

முந்தின நாள் மத்தியானம் கொட்டிய தொட்டி அது. அந்தக் குளிரில் ஊறல் முடிய மறுநாள் விடிந்துவிடும். எனக்கோ சாயந்தரத்துக்குள் முடிய வேண்டும். பெரிய அண்டாவில் வெந்நீர் காய்ச்சி, குடம் குடமாகத் தொட்டியில் ஊற்றினேன். சூடு பட்டால் சீக்கிரம் புளிக்கும் என்று என் கணக்கு. மூன்று மணிக்குத் தொட்டியின் மேல்பக்கம் கையை விட்டுப் பார்த்தேன், மணல்போல் சொரசொரப்பு. சந்தோஷத்தோடு கம்பை அடிவரை குத்தி இழுத்தேன். குழி மூடிக்கொண்டது. மேலே ஊறிவிட்டது, அடியில் அப்படியே வழவழப்பு.

அப்படியே விட்டுப்போக மனம் வரவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கிக் கலக்கிக்கொண்டிருந்தபோது சாயந்தர வண்டியின் ஹாரன் கேட்டது. பிறகு வளைவில் அது தேய்ந்து போனதும் கேட்டது.

ஆட்களை மேற்பார்க்கும் மேஸ்திரி மேல்காட்டிலிருந்து இறங்கி வந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, கொட்டையக் குளிப்பாட்டுனியா? மேல வெந்துருச்சு, அடியில தூங்குதே!" என்று சிரித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"சேதி எப்ப வந்துச்சு?"

"காலையிலங்க."

"காலையில எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? நான் கம்பு குத்திப் பாக்க மாட்டனா? அந்த வண்டியிலயே உன்ன ஏத்தி உட்டிருப்பனே சாமி."

அன்று முழுவதும் கூப்பிடு தூரத்தில் நாற்பது பேர் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரிடமாவது சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

மறுநாள் காலைப் பஸ்ஸில் மலையிறங்கினேன். கொண்டை ஊசி வளைவில் பனிக்காக வண்டியை நிறுத்தினார்கள். அடிவாரத்தில் டீக்காக நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்கள் பாட்டி எழுந்து நின்றார்கள்.

"வாங்க மாப்ள. நேத்து மத்தியானமே பொறந்துருச்சுங்க, பொம்பளப் புள்ள. ஒவ்வொருக்கா வலி உட்டப்பவும் வாசலப் பாத்துட்டே கெடந்தா."

மத்தியானம் நான் அண்டாவுக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தேன்.

உங்கள் அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, ஊறிருச்சுங்களா?" என்றாள். கேலியா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அப்புறம், "கைய நல்லாக் கழுவிட்டு வாங்க, புளிச்ச நாத்தம் அடிக்குது. புள்ளையத் தூக்கோணும்ல" என்றாள்.

பெரியவளே, அந்தப் பிள்ளை நீதான். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியும் வாசனை போகவில்லை. அப்படியேதான் உன்னை வாங்கினேன்.

அதற்குப் பிறகு நான் எதற்குத் தாமதித்தாலும் உங்கள் அம்மா "ஊறட்டும், ஊறட்டும்" என்பாள். நீங்களும் அர்த்தம் தெரியாமல் சேர்ந்து சொல்வீர்கள், நானும் சிரித்துவிடுவேன். இப்போது அவள் இல்லை. நீங்கள் மலைக்குக் கீழே இருக்கிறீர்கள். உங்களில் யாராவது புறப்பட்டு வருவதாகச் செய்தி வந்தால், முதலில் இங்கே பக்கத்து டீக்கடைக்காரரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன். "நேத்தே சொன்னீங்களேங்க" என்கிறார். இருந்தாலும் சொல்கிறேன். பெரியவளே, நீ பிறந்ததற்கும் நான் உன்னைப் பார்த்ததற்கும் நடுவே போன அந்த ஒரு நாளுக்குத்தான் மலையில் யாரும் பெயர் வைத்திருக்கவில்லை.