எலுமிச்சைமேல் ஏறாத கார்

பங்சாரில் யாரோ புதுக் காருக்குப் பூசை போட்டிருக்கிறார்கள். நசுங்கிய எலுமிச்சை வாடை மூக்கில் ஏறியதும், பிரிக்பீல்ட்ஸில் இன்று அடுக்குமாடி நிற்கிற இடத்தில் இருந்த எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸும், அதன் வாசலில் குந்தியிருந்த அப்பாவின் பச்சைச் சனியனான பழைய காரும் நினைவுக்கு வந்து தொலைக்கின்றன.

கிள்ளானிலிருந்து ஒருவன் ஓட்டிவந்து அப்பா தலையில் கட்டினான். அதுவே அதன் கடைசி ஓட்டம். வெளியே தூறினால் உள்ளே கொட்டும், இருக்கையில் ஈரச் சாக்கு நாற்றம், ஒரு கதவைச் சாத்தினால் மறு கதவு திறந்துகொள்ளும், சாவியைத் திருகினால் சளி பிடித்த கிழ ஆடு மாதிரி இருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும். அதில் எங்களைப் பத்துமலைக்கு ஏற்றிப்போய்க் குவார்ட்டர்ஸ் வாயை அடைக்க வேண்டும் என்பதுதான் அப்பாவின் வெறி.

தைப்பூசத்தன்று காலை பூசாரி சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சை வைத்து, "எடுங்க" என்றார். இருமல். மறுபடியும் இருமல். அக்கம்பக்கம் முழுக்க வாசலில்.

"அண்ணே, பழம் காஞ்சிரும் லா!" என்றார் பக்கத்து வீட்டு லோரிக்கார மணியம்.

அப்பா இறங்கவில்லை. பட்டுப் புடவையோடு அம்மாவும் பின்னால் நாங்களும் தள்ளத் தள்ள, அவர் ஸ்டீரிங்கைப் பிடித்து நேராகப் பார்த்தபடி இருந்தார். பழம் நசுங்கியதும் பெருமையாக ஹாரன் அடித்தார். அந்தக் காரில் வேலை செய்தது அது ஒன்றுதான்.

பத்துமலைக்கு மணியத்தின் லோரியில் போனோம்.

"நம்ம வண்டி இப்படிக் குலுக்காது மணியம்," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார் அப்பா.

உண்மைதான். ஓடினால்தானே குலுக்கும்.