கத்தரிச் செடியில் வெள்ளைப் பொடி

சந்தேகப்படுவதுதான் விஜயராணிக்கு வேலை. பூண்டி ரோட்டு பனியன் கம்பெனியில் அவள் செக்கிங். தைத்து வந்த பனியனை வெளிச்சத்தில் விரிப்பாள், உள்புறம் திருப்புவாள். எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, விட்டுப்போன தையல் என்று தேடிப் பிடித்து, குறையுள்ள இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிவிடுவாள். “சாமியே வந்து தச்சாலும் அந்தம்மா ஒரு ஸ்டிக்கர் ஒட்டும்” என்பார்கள் டெய்லர்கள். அதை அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் தம்பி ஜெபக்குமார். அவள் ஐந்தாவதோடு நின்றவள். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் அம்மாவோடு உப்பு வாரித்தான் அவனைப் பத்தாவது பாஸ் பண்ண வைத்தாள். பிறகு அவனையும் அழைத்துக்கொண்டு திருப்பூருக்கு வந்துவிட்டாள். இப்போது அவன் ஒரு சாயப்பட்டறையில் லேப் ஹெல்பர். “எந்தச் சாயத்துக்கு எவ்வளவு மருந்துன்னு எந்தம்பி கண்ண மூடிட்டுச் சொல்லுவான்” என்று அவள் பெருமைப்படாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

அவர்கள் குடியிருந்த லைன் வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்கும் மதில் சுவருக்கும் நடுவே, ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு இடம் சும்மா கிடந்தது. உப்பளத்து ஊரில் புல்கூட முளைக்காது. அதனாலோ என்னவோ, ஒரு கத்தரிக்காயாவது தன் கையால் காய்க்க வைத்துப் பார்க்க வேண்டும் என்று விஜயராணிக்கு ஆசை. முன்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா பழனியம்மாளிடம் கேட்டாள்.

“அந்த எடத்துல ஒரு ரூம்பு போட்டா ஹிந்திக்காரப் பசங்க வாடகைக்கு வருவாங்கன்னு எம்பையன் சொல்லீட்டிருக்கறான்” என்று இழுத்தாள் பழனியம்மாள். “செரி, வெச்சுப் பாரு அம்மிணி. என்ர கருவேப்பிலை மரத்துக்கு மட்டும் ஒண்ணும் ஆயிரக் கூடாது.”

தரை சுக்காம்பாறை. கடப்பாரையே இறங்கவில்லை. ஜெபக்குமார் பட்டறையிலிருந்து வெள்ளைச் சாக்குகள் கொண்டுவந்தான். விஜயராணி அவற்றின் வெளிப்புறத்தை அழுக்குப் போகத் துடைத்து, செம்மண்ணும் ஆட்டு எருவும் நிரப்பி, சுவரோரம் ஒரே வரிசையில் நிறுத்தினாள். அவினாசிச் சந்தையில் கத்தரி, தக்காளி நாற்று வாங்கி நட்டாள். போர் தண்ணீர் உப்பு என்று ஊருக்கே தெரியும். ஆகவே அதைத் தொடாமல், குடிக்கிற நல்ல தண்ணீரிலிருந்தே செடிக்கும் எடுத்து ஊற்றினாள்.

செடிகள் ஒரு வாரம் நிமிர்ந்து நின்றன. அப்புறம் இலையோரம் கருகியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினாள். ஊற்ற ஊற்ற வாடியது. பட்டுப்போனவற்றைப் பிடுங்கிவிட்டு அதே சாக்கில் புது நாற்று நட்டாள். அதற்கும் அதே கதி. ஒருநாள் காலையில் பார்த்தால், மண்ணின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது.

முதல் சந்தேகம் பூண்டி ரோட்டில் கல் செதுக்குகிற சிலைப் பட்டறைகள்மேல் போனது. பொழுதன்றைக்கும் உளிச் சத்தம் கேட்கிற ஊரில், கல்தூசிக்கு என்ன பஞ்சம்? ஆனால் கொடியில் காய்ந்த துணியில் தூசியைக் காணோம். விஜயராணி பொடியைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பளத்தில் வளர்ந்த நாக்கு ஏமாறுமா? உப்பேதான்.

செடிக்கு யாரோ உப்புப் போடுகிறார்கள்.

யார் என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ரூம் கட்ட இடம் யாருக்கு வேண்டும்? வெள்ளிக்கிழமை தவறாமல் பேரனுக்கு உப்பு மிளகாய் சுற்றி, அந்த உப்பைத் தண்ணீரில் கரைத்துப் பின்பக்கம் கொண்டுபோய் ஊற்றுகிறவள் யார்? அதிலும் இப்போதெல்லாம் பழனியம்மாள் முன்போலச் சிரிப்பதில்லை. அடுப்படி ஜன்னல் வழியாகப் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். குற்றமுள்ள நெஞ்சல்லவா?

ஆனாலும் கையும் களவுமாகப் பிடிக்காமல் வாய் திறப்பது விஜயராணிக்குப் பழக்கமில்லை. சனிக்கிழமை இரண்டு சாக்குகளில் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, பனியன் கட்டிங் வேஸ்ட் துணியால் வாயைச் சுற்றி மூடினாள். தனக்கு மட்டுமே தெரிந்த முடிச்சுப் போட்டு, அதன்மேல் அம்புக்குறி ஸ்டிக்கரையும் ஒட்டினாள்.

மறுநாள் சர்ச்சுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, பழனியம்மாள் அந்தச் சாக்குகளுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றாள்.

“என்னம்மா, இன்னிக்கும் உப்புப் போட வந்தீங்களாக்கும்?”

பழனியம்மாள் நிமிர்ந்தாள். “உப்பா? நாஞ் சோத்துக்கே உப்பப் பாத்துப் போடறவ. நீ மொதல்ல இதுக்குப் பதில் சொல்லு. நித்தமும் வெந்நிய ஊத்தித்தான என்ர மரத்தக் கொல்றே? உன்ர செடிக்கு நெழல் அடிக்குதுன்னு!”

அப்போதுதான் விஜயராணி கறிவேப்பிலை மரத்தைப் பார்த்தாள். சாக்குகளிலிருந்து வடிகிற தண்ணீர் ஓடிச் சேருகிற பள்ளத்தில் அது நின்றது. கத்தரிக்குக் கருகியதைப் போலவே அதன் இலைகளும் ஓரம் கருகியிருந்தன.

“என்ர மாமியா வெச்ச மரம். நம்பி எடங் குடுத்தேன். அடுத்த மாசம் ஊட்டக் காலி பண்ணிக்குங்க.”

கம்பெனிக்கு நடந்து போகிற தூரத்தில் இந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்காது. ஆனாலும் விஜயராணிக்கு வாய் அடங்கவில்லை. “காலி பண்ணுதோம். அதுக்கு முன்னால நீங்க செஞ்சதப் பாத்துட்டுப் போங்க. அவுத்துக் காட்டுதேன்!”

முடிச்சைப் பிடித்தாள். அது அவள் போட்ட முடிச்சேதான். ஸ்டிக்கர்கூட நகரவில்லை. யாருமே தொடவில்லை. துணியை விலக்கினால், மண்மேல் மறுபடியும் வெள்ளைப் பொடி.

யாரும் தொடாத சாக்கில் உப்பு எப்படி வந்தது? விஜயராணி சாக்கைச் சாய்த்து மண்ணைக் கொட்டினாள். பனியனைத் திருப்புவதுபோலச் சாக்கை உள்புறம் திருப்பினாள். நாற்று நடுகிறபோது செய்திருக்க வேண்டிய வேலை. அடித்தையல் நெடுகிலும் உப்பு கட்டிகட்டியாக அப்பியிருந்தது.

“யாரு கொண்டாந்த சாக்கு இது?” என்றாள் பழனியம்மாள்.

“நாந்தாம்மா… பழைய சாமான் கடையில…”

அவள் முடிக்கும் முன்பே, மீன் பையோடு உள்ளே நுழைந்த ஜெபக்குமார் பெருமையாகச் சொன்னான். “கடையாவது! எங்க பட்டறைச் சாக்குல்லாக்கா. மருந்துச் சாக்கு செடிக்கு ஆகாதுன்னு, ஒண்ணொண்ணா பாத்து உப்புச் சாக்கா எடுத்தாந்தேன். உப்பு நாம திங்கறதுதான?”

சாயம் துணியில் ஏற மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டுவார்கள் என்று திருப்பூரில் தெரியாதவர்கள் இல்லை. விஜயராணிக்கும் தெரியும். தம்பி கொண்டுவந்த சாக்கு என்பதால்தான் அவள் திருப்பிப் பார்க்கவில்லை.

“பத்தாவது பாஸ் பண்ணுன பையன்னு சொன்னியே அம்மிணி” என்றாள் பழனியம்மாள். “பதினொண்ணாவதுலதான் இதச் சொல்லிக் குடுப்பாங்களாட்டிருக்குது.”

விஜயராணி சாக்கைக் கீழே போட்டாள். “தப்பு எங்க மேலதாம்மா. மரத்த நாங் காப்பாத்தித் தாரேன்.”

“பாக்கலாம். தளுத்தா இருங்க. பட்டுச்சுன்னா பெட்டியக் கட்டுங்க.”

அன்றைக்கே அக்காளும் தம்பியும் மரத்தடி மண்ணைக் கிளறி எடுத்துப் புதுமண் போட்டார்கள். குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரில் பாதி மரத்துக்குப் போனது. பழனியம்மாள் ஜன்னலை விட்டு நகரவில்லை. விஜயராணி குடத்தைத் தூக்கும்போதெல்லாம், “என்ன தண்ணி அது?” என்று கேட்டாள். தினமும் கேட்டாள். விஜயராணியும் தினமும் பதில் சொன்னாள்.

மழை இரண்டு பாட்டம் பெய்த பிறகு, அடிக்கிளையில் சிவப்பாகக் கொழுந்து விட்டது. பழனியம்மாள் அதை மோந்து பார்த்தாள். மாதம் பிறந்தும் காலி பண்ணுகிற பேச்சு எழவில்லை. அதுதான் பதில் என்று விஜயராணி எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே ஜெபக்குமார் புதுச் சாக்குகளோடு வந்தான். “அரிசிச் சாக்குக்கா. மெஸ்காரர்ட்ட கேட்டு வாங்கியாந்தேன்.”

விஜயராணி ஒரு சாக்கை வாங்கி, உள்புறம் திருப்பி, அடித்தையலை விரலால் நெருடினாள். பிறகு விரலை நாக்கில் வைத்தாள்.

“என்னையவே சந்தேகப்படுதியாக்கா?”

“ஆமாம்ல. அடுத்த சாக்க எடு.”

“நல்லா ருசி பாரு அம்மிணி” என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. “பாத்துட்டு இங்க கொண்டா. நானும் ஒருக்கா பாத்துக்கறேன்.”