நாலு பேர் ஏறிய குதிரை

நான் பயந்தாங்கொள்ளி. இதை வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்ளும் வயதுக்கு வந்துவிட்டேன். தபால்பெட்டியில் அரசாங்கத்தின் மஞ்சள் உறை ஒன்று கிடந்தால் போதும், கார் நிறுத்திய இடம் பிழை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது என்று தெரிந்திருந்தும், என்னை நாடு கடத்தப் போகிறார்கள் என்று முதலில் காது சூடாகும். பிறகு வயிறு இரையும். மூன்றாவதாக வாய் தன்பாட்டில் பேசத் தொடங்கும். காதாலும் வயிற்றாலும் இதுவரை யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. வாயால் வந்தது. அப்போது எனக்குப் பத்து வயது.

ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அம்மா, அப்பா, நான், அம்மாவின் தமையனான மாமா. மாமா எங்களுக்குப் பிந்தி யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்தவர். மாமியும், என் மச்சாள்மாரான அவர்களுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட மாமா போட்ட விண்ணப்பம் ஒரு வழியாக அசைந்து, கொழும்பில் ஜெர்மன் தூதரகத்தில் டெர்மின், அதாவது நேரில் வரச் சொல்லி ஒரு நாள், கிடைத்திருந்தது. ஊரிலிருந்து கொழும்புக்குப் போவதென்றால் முதலில் கடல்நீரேரியை வள்ளத்தில் கடக்க வேண்டும். சண்டைக்காலம். வீட்டில் பெரியவர்கள் அந்த வள்ளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தையாக இங்கே வந்த எனக்கோ மச்சாள்மாரின் முகம்கூடத் தெரியாது. அவர்கள் வந்தால் என் அறையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். அதனால் அவர்கள்மீது லேசான கோபமும் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானங்களில் மாமா ஊர் அருங்காட்சியகத்தைத் துப்புரவு செய்யப் போவார். நானும் தொற்றிக்கொள்வேன். அருங்காட்சியகம் என்றால் நகரசபைக்கு மேலே இரண்டு அறைகள். முதல் அறையில் கலப்பைகளும் வெண்ணெய் கடையும் பீப்பாய்களும். இரண்டாவது அறையில் ஒரேயொரு எண்ணெய் ஓவியம். நீலக் கோட்டும் இடுப்பில் வாளுமாக ஓர் ஆள். பக்கத்தில் குதிரையின் தலை மட்டும்; மிச்சக் குதிரைக்கு ஓவியரிடம் இடம் போதாமல் போயிருக்க வேண்டும். இருநூறு வருடங்களுக்கு முன்பு எங்கள் ஊரிலிருந்து கூலிப்படையோடு கப்பலேறி அமெரிக்கா போனவன். போன இடத்தில் கட்சி மாறி, அந்தப் புது நாட்டின் குதிரைப்படையில் அதிகாரியானவன். எங்கள் ஊர் வேறு பெரிய மனிதர் எவரையும் பெறாதபடியால் நாலாம் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை அவனைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். அந்த வருடம் அது நான். பேச்சு நன்றாக அமைந்தால் ஆசிரியை என்னைப் பெரிய பள்ளிக்கூடத்துக்குச் சிபாரிசு செய்வார் என்று அப்பா கணக்குப் போட்டிருந்தார்.

ஓவியத்துக்குக் கீழே நாலு வரியில் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. நான் அதை வாசித்திருக்கலாம். ஆனால் சும்மா கதை சொல்ல ஒரு மாமா இருக்கும்போது யார் தகடு வாசிப்பார்கள்? மாமாதான் அதைத் துடைத்தபடி, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து, வெகுநேரம் வாசித்தார். பிறகு துணியை மடித்துத் தோளில் போட்டார்.

“பெரிய குடும்பக்காரன், மருமோன்.”

அந்தச் சனிக்கிழமை தொடங்கி அதிகாரியின் கதை வளர்ந்தது. அவனுக்கு ஒரு மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். அவர்களை இங்கே விட்டுவிட்டுத்தான் கடல் தாண்டினான். போவதற்கு முன்பு நாலு பேரும் ஒரே குதிரையில்தான் எங்கும் போவார்கள். மூத்தவள் அவனுக்கு முன்னால், மனைவி பின்னால், அவள் மடியில் சின்னவள். ஒழுங்கை முடக்கில் திரும்பும்போது குதிரையின் மணியை அடிப்பான். ஞாயிறு காலையில் அவர்கள் வீட்டில் இடியப்பம். ஜெர்மன் வகுப்புக்கு அது சரிவராது என்று நான் என் கொப்பியில் நூடுல்ஸ் என்று மாற்றி எழுதிக்கொண்டேன். என் ஆராய்ச்சியின் தரம் அப்படி. சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. தகப்பனிடம் காட்டுவதற்காக அதை நெருப்புப்பெட்டிக்குள் வைத்திருக்கிறாள்.

“அவையள் அமெரிக்காவுக்குப் போய்ச் சேருவினமோ, மாமா?”

“சேராமல்? கப்பலுக்கு நாள் குறிச்சாச்சு.”

பிறகு ஒரு சனிக்கிழமை மாமா வேலைக்குப் போகவில்லை. எங்கெங்கோ இருந்த சொந்தக்காரர்கள் கார்களில் வந்து இறங்கினார்கள். ஆண்கள் பால்கனியில் நின்றார்கள். பெண்கள் அம்மாவைச் சுற்றி நிலத்தில் இருந்தார்கள். மாமாவுக்குச் சுகமில்லை என்று சொல்லி என்னைக் கீழ்வீட்டு ஜெர்மன் குடும்பத்திடம் ஒப்படைத்தார்கள். மூன்று நாட்கள் அங்கே வண்ணத் தொலைக்காட்சியும் வனிலாப் புடிங்கும். சொல்லப்போனால், அந்த வருடத்தில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த மூன்று நாட்கள் அவை. திரும்பி வந்து, மாமி ஆட்கள் எப்போது வருவினம் என்று கேட்டேன். அம்மா பானையைத் தேய்த்தபடி, “பிறகு” என்றார். என் அறை தப்பியது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா மறுபடி வேலைக்குப் போக மூன்று கிழமை ஆனது. அவர் மறுபடி போன அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கள் என் பேச்சு. கதைக்கு முடிவில்லாமல் எனக்குக் காது சூடாகிவிட்டது. மாமா கலப்பை துடைத்தார், பின்னால் நின்றேன். பீப்பாய் துடைத்தார், பின்னால் நின்றேன்.

“கப்பல் வந்ததோ, மாமா? சொல்லுங்கோவன். திங்கக்கிழமை வகுப்பில நான் என்னத்தைச் சொல்லுறது?”

அவர் ஓவியத்தின் முன்னால் நின்று, ஏற்கெனவே துடைத்த சட்டத்தை மறுபடி துடைத்தார்.

“வந்தது” என்றார்.

அதற்குப் பிறகு சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினேன். கடல் அமைதியாக இருந்ததாம். வானத்தில் ஒரு சத்தமும் இல்லையாம். கப்பல் கரையில் முட்டுவதற்கு முன்பே சின்னவள் குதித்துவிட்டாளாம். தாய் ஏசினாளாம். மூத்தவள் செருப்பைக் கையில் பிடித்தபடி இறங்கினாளாம்.

“நெருப்புப்பெட்டி நனையேல்லை, மருமோன். அதை வடிவா எழுது.”

வடிவாக எழுதினேன்.

திங்கட்கிழமை கரும்பலகையில் என் படத்தை ஒட்டினேன். ஓவியர் விட்ட மிச்சக் குதிரையை நான் முழுதாக வரைந்து, நாலு பேரையும் அதில் ஏற்றியிருந்தேன். குதிரையின் காதுக்குக் கீழே பெரிய மணி. பேசத் தொடங்கி இரண்டு நிமிடத்திலேயே வகுப்பு சிரிக்கத் தொடங்கியது. நல்ல பேச்சு என்று நினைத்து இன்னும் உரக்கப் பேசினேன். குதிரைக்கு எதற்கு மணி என்று முன்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான். முடக்கில் அடிக்க என்றேன். அவன் மேசையில் தலையை வைத்துவிட்டான். கப்பல் கரை சேர்ந்து முடிந்ததும் ஆசிரியை அன்பாகத்தான் கேட்டார், தகட்டை வாசித்தாயா என்று. அந்த அதிகாரி கலியாணமே செய்யவில்லையாம். அமெரிக்கா போய்ச் சில வருடங்களிலேயே முகாமில் காய்ச்சல் கண்டு செத்துப்போனானாம். வீட்டார் எவரும் அவனை மறுபடி பார்க்கவில்லையாம்.

காது, வயிறு, பிறகு வாய். அது வேறு அதிகாரி என்றேன். பழைய தகட்டைக் களவெடுத்துப் போய்விட்டார்கள் என்றேன். கடைசியாக, நூடுல்ஸுக்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது என்றும் சொன்னதாக ஞாபகம். ஆசிரியை நாலு என்று புள்ளி போட்டார். ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் நாலு என்பது மயிரிழையில் தப்பிய புள்ளி.

வீட்டுக்குள் சப்பாத்தோடு ஓடினேன். மாமா மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அப்பா பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பயத்தில் இருப்பவனுக்குக் குற்றவாளி ஒருவன் உடனே தேவை.

“நீங்கள் பொய்க்காரன்!” என்று கத்தினேன். “அவனுக்கு மனிசியும் இல்லை, பிள்ளையளும் இல்லையாம்! ஒரு கப்பலிலயும் ஒருத்தரும் வரேல்லையாம்!”

அம்மா அறைந்தார். அதுவரை என்மேல் கை வைக்காத அம்மா. அப்பா பேப்பரை மடித்தார், ஆனால் யாரையும் பார்க்கவில்லை. அந்த அறை நாலு புள்ளிக்கு விழுந்தது என்றே நெடுநாள் நம்பினேன். புள்ளி எத்தனை என்று நான் அப்போது சொல்லியிருக்கவே இல்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

“விடு பிள்ளை” என்றார் மாமா, அம்மாவிடம். “அவன் தகட்டில கிடக்கிறதைத்தானே சொல்லுறான்.”

தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். என் கையில் கசங்கிக் கிடந்த படத்தை மெதுவாக வாங்கி மேசையில் வைத்து, உள்ளங்கையால் நீவினார்.

“இதை நான் வைச்சிருக்கட்டோ, மருமோன்?”

வைச்சிருங்கோ என்றேன். நாலு புள்ளிப் படம், யாருக்கு வேண்டும்?

வள்ளம் மறுகரைக்கு வரவில்லை என்பதைச் சில வருடங்கள் கழித்து, ஒருவரும் உட்கார்த்திச் சொல்லாமலே, தெரிந்துகொண்டேன். மாமாவிடம் மன்னிப்புக் கேட்க நினைத்த ஒவ்வொரு முறையும் காது சூடானது. பகிடி ஒன்றைச் சொல்லித் தப்பினேன். அவரும் சிரித்துத் தப்பவிட்டார்.

மாமா போன மார்கழியில் காலமானார், அதே ஊரில், தனி அறையில். சாமான்களை ஒதுக்கப் போனேன். கட்டிலுக்குக் கீழே அவர் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த சூட்கேஸ். அதற்குள் எட்டாக மடித்த என் படம். மடிப்புக்குள் உள்ளங்கை அளவில் ஒரு புகைப்படம். இளம் மாமா சைக்கிளில் இருக்கிறார். முன் பாரில் மூத்தவள். பின்னால் கரியரில் மாமி. அவர் மடியில் வாய் திறந்து சிரிக்கும் சின்னவள். மாமாவின் பெருவிரல் ஹாண்டிலில் இருக்கும் மணிமேல்.

குதிரைக்கு எதற்கு மணி என்று முன்வரிசைப் பையன் கேட்டான். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.